கொசுமுட்டையின் குளிர்காலம்

மூடிய தொட்டிக்குள் புழு

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருக்களில் ஏதாவது ஒரு மொட்டைமாடியில் ஏறி நின்று பாருங்கள். வைகை கூப்பிடு தூரத்தில். மாநகராட்சியின் நீரேற்று நிலையம் இருக்கும் அரசரடியும் நடக்கிற தூரம்தான். ஆனாலும் வீட்டுக்கு வீடு ஒரு கறுப்புத் தொட்டி. எந்தக் கம்பெனி செய்ததானாலும் நமக்கு அது சின்டெக்ஸ். குழாயில் தண்ணீர் வரும் நேரம் ஒன்று, நமக்குத் தேவைப்படும் நேரம் வேறொன்று. அதனால் ஆயிரம் லிட்டரைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு வாழ்கிறோம்.

தீபாவளிக்கு முன்னால் பல வீடுகளில் தொட்டி கழுவும் வேலை நடக்கும். இருக்கிற தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். அடியில் படிந்த வண்டலை வழித்துப் போடுவார்கள். ஒரு பகல் காயவிட்டு மோட்டார் போட்டு நிரப்பி, பிளீச்சிங் பவுடரும் போட்டு மூடிவிடுவார்கள். ஒரு வாரம் கழித்து வாளியில் பிடித்த தண்ணீரில் நூல் நூலாக ஏதோ நெளியும். "மூடி போட்டுத்தானே வச்சிருக்கோம், பொறகு எப்படிங்க வந்துச்சு?" என்று அந்த வீட்டு அக்கா கேட்பார். நியாயமான கேள்வி.

மாநகராட்சித் தண்ணீரிலேயே வந்திருக்கும் என்பதுதான் வழக்கமான பதில். பெரும்பாலும் அது சரியில்லை. கொசுப்புழு தண்ணீருக்குள் வாழ்ந்தாலும் மூச்சு விடுவது வெளிக்காற்றில். வாலருகே இருக்கும் சிறு குழலை நீரின் மேல்மட்டத்தில் நீட்டி, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு காற்றை இழுக்கும். அழுத்தத்தோடு நிறைந்தோடும் பெருங்குழாய்க்குள் மேல்மட்டம் ஏது, காற்று ஏது? தரைக்கடியில் இருக்கும் உங்கள் வீட்டு சம்ப்பில் புழு வளர்ந்து, மோட்டார் வழியாக மேலேறியிருக்கலாம். ஆனால் சம்ப்பே இல்லாத வீட்டுத் தொட்டியிலும் புழு வருகிறது.

கழுவிய அன்றே அது தொட்டிக்குள் இருந்தது என்பதுதான் உண்மையான விடை. தண்ணீரில் இல்லை, சுவரில் இருந்தது.

டொராண்டோவில் ஒரு தொட்டி

இந்த விடையைப் புரிந்துகொள்ள ஆரப்பாளையத்திலிருந்து கொஞ்சம் தூரம் போய்வர வேண்டும். கனடாவின் டொராண்டோ நகரைச் சுற்றி நம் தமிழர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். அங்கே வீட்டுப் பின்புறத்தில் தரைக்குமேல் நிறுத்திய நீச்சல் தொட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. மார்பளவு உயரத்தில் தகரச் சுவரும் அதற்குள் பிளாஸ்டிக் விரிப்புமாக, நம் மாடித் தொட்டிக்கு அண்ணன் மாதிரி இருக்கும்.

செப்டம்பர், அக்டோபர் வந்தால் அதைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்வார்கள். தொட்டியை முழுக்கக் காலி செய்துவிட மாட்டார்கள். பக்கவாட்டில் தண்ணீரை உறிஞ்சும் வாய்க்குக் கீழே மட்டம் இறங்கும் அளவுக்குத்தான் வெளியேற்றுவார்கள். குழாய்களிலும் பம்பிலும் தங்கிய நீரை ஊதி வெளியே தள்ளுவார்கள். பாசி பிடிக்காமலிருக்க மருந்து போடுவார்கள். காற்றடைத்த பெரிய தலையணை ஒன்றை நடுவில் மிதக்கவிட்டு, அதன்மேல் தார்ப்பாய் போர்த்திக் கட்டுவார்கள்.

தலையணை எதற்கு? தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கிறது. வட்டத் தொட்டியில் உறைந்த பனித்தட்டு நாலாபக்கமும் சுவரை நெட்டித் தள்ளும். நடுவில் தலையணை இருந்தால் பனிக்கட்டி அதை அமுக்கிக்கொண்டு உள்ளே இடம்பிடித்துக்கொள்ளும், சுவர் தப்பிக்கும். குழாய்க்குள் ஒரு கை நீர் தங்கினால்கூட உறைந்து குழாயைப் பிளந்துவிடும்.

மதுரைக்கு இந்தக் கவலை இல்லை. மார்கழி விடியலில்கூட நம் தொட்டித் தண்ணீர் 20 பாகைக்கு அக்கம்பக்கம்தான் நிற்கும். ஆனால் குளிர்காலம் என்பது வெறும் பனி மட்டும்தானா? ஓர் உயிர் நடமாட முடியாத பருவம் எதுவோ அதுதான் அதற்குக் குளிர்காலம் என்று வைத்துக்கொண்டால், தண்ணீரில் வளரும் கொசுவுக்கு மதுரையில் ஒரு குளிர்காலம் உண்டு. மாசியில் தொடங்கி, கத்திரி வெயிலில் உச்சம் தொட்டு, மழை வரும்வரை நீளும் வறட்சிதான் அது. அந்தப் பருவத்துக்கு நம்மைவிடக் கச்சிதமாகத் தயார் செய்துகொள்கிறது டெங்கு பரப்பும் ஏடிஸ் எகிப்தி.

மரப்பொந்திலிருந்து மாடிக்கு

ஏடிஸ் எகிப்தியின் பூர்வீகம் ஆப்பிரிக்கக் காடு. அங்கே அதன் தொட்டில் மரப்பொந்து. மழை பெய்தால் பொந்தில் நீர் தேங்கும், மழை ஓய்ந்தால் காய்ந்துபோகும். நீரிலேயே முட்டையிட்டால் பொந்து வற்றும்போது குஞ்சோடு எல்லாம் அழியும். அதனால் தாய்க்கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் கசியும் பொந்துச் சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கப் பழகியது. அடுத்த மழையில் மட்டம் ஏறும்போது அவை மூழ்கும். அப்போது பொரித்தால் போதும். எத்தனை மாதம் கழித்து அந்த மழை வருமோ, அத்தனை மாதம் முட்டை காத்திருக்க வேண்டும்.

இந்தக் கொசு ஏன் காட்டை விட்டு நம் வீட்டுக்கு வந்தது என்பதற்கும் இதே வறட்சியில் விடை இருக்கிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆப்பிரிக்காவில் 27 இடங்களிலிருந்து இந்தக் கொசுவின் முட்டைகளைச் சேகரித்து வளர்த்து, மனித வாசனையையும் விலங்கு வாசனையையும் காட்டிப் பார்த்தார்கள். முடிவு 2020-ல் வெளிவந்தது. நீண்ட, கடுமையான வறட்சிக்காலம் உள்ள ஊர்களின் கொசுக்களும் நெருக்கடியான நகரங்களின் கொசுக்களும் மனிதனையே நாடின. பொந்துகள் காயும் ஊரில் ஆண்டு முழுவதும் தண்ணீர் இருக்கும் இடம் மனிதனின் பானைதான். பானையைத் தேடி வந்த கொசு பானைக்காரனையும் விரும்பக் கற்றுக்கொண்டது என்று இதைப் புரிந்துகொள்கிறார்கள்.

நம் சின்டெக்ஸ் தொட்டியை அந்தக் கொசுவின் கண்ணால் பார்த்தால் அது ஒரு பெரிய மரப்பொந்து. உள்ளே இருட்டு, ஈரச்சுவர், அடிக்கடி ஏறி இறங்கும் நீர்மட்டம்.

முட்டையின் தார்ப்பாய்

முட்டை ஒன்றின் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இட்டவுடன் வெள்ளையாக இருக்கும், ஓரிரு மணி நேரத்தில் கறுத்துவிடும். கறுப்புத் தொட்டியின் கறுப்புச் சுவரில் அதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

கருவளர்ச்சியின் தொடக்கத்தில், இட்டு அரை நாள் ஆவதற்குள், ஓட்டுக்கு உட்பக்கம் ஒரு புதிய உறை உருவாகிறது. இதற்கு 'உலர்காப்பு' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். நண்டு, வண்டு ஓடுகளில் உள்ள கைட்டின் இதிலும் இருக்கிறது. உள்ளேயுள்ள ஈரம் வெளியேறாமல் தடுப்பது இதன் வேலை. டொராண்டோக்காரர் தொட்டிமேல் தார்ப்பாய் போர்த்துவதுபோல முட்டை தன்னை உள்ளிருந்தே போர்த்திக்கொள்கிறது. உறை உருவாகும் முன்னால் ஈரம் காய்ந்தால் முட்டை சுருங்கிச் செத்துவிடும். தாய்க்கொசு காய்ந்த சுவரைத் தேடாமல் நீர்மட்டத்தை ஒட்டிய ஈரப்பட்டையைத் தேடுவது இதற்காகத்தான்.

உறை மட்டும் போதவில்லை என்பதை பெங்களூரு இன்ஸ்டெம் நிறுவனத்தாரும் ஐ.ஐ.டி. மண்டியைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து செய்து 2023-ல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. இரண்டு நாளாவது வளர்ந்த முட்டைகள்தாம் உலர்வைத் தாங்கி, மீண்டும் நனைந்தபோது பொரித்தன. உலரும்போது உள்ளேயிருக்கும் கரு தன் உடல் வேதியியலையே மாற்றிக்கொள்கிறது. செல்களைக் காக்கும் பொருட்களைக் கூடுதலாகச் செய்கிறது, வளர்ச்சி வேகத்தை அடக்குகிறது, கொழுப்பை எடுத்துச் சமாளிக்கிறது. நம் நாட்டு ஆய்வுக்கூடங்களில் நடந்த இந்த வேலை இன்னும் பரவலாகத் தெரிய வேண்டியது.

இப்படித் தயாரான முட்டை, நேர்வெயில் படாத இடத்தில், எட்டு மாதம் வரைகூட உயிரோடு கிடக்கும். பங்குனியில் ஒட்டியது ஐப்பசியில் பொரிக்கும் என்றால் வியப்பில்லை. தொட்டியை ஒரு பகல் காயவைத்ததெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

கனடாவுக்கே ஒரு செய்தி: ஏடிஸ் எகிப்தியின் முட்டை உறைபனியைத் தாங்காது. ஆனால் அதன் உறவுக்காரக் கொசுவான ஏடிஸ் அல்போபிக்டஸ், பகற்பொழுது குறைவதை உணர்ந்து, குளிர் வருமுன்பே உறக்கநிலை முட்டைகளை இடக்கூடியது. நாள்காட்டி இல்லாமலே அக்டோபரைத் தெரிந்துகொள்கிறது.

ஆயிரம் லிட்டர் தொட்டியில் நடப்பது

இனி கணக்குக்கு வருவோம். உங்கள் மாடித் தொட்டி 1,000 லிட்டர், குறுக்களவு 1.1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரான உருளையாகக் கருதினால் தண்ணீர் ஏறத்தாழ 105 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். ஒரு சென்டிமீட்டர் மட்டம் இறங்கினால் 9.5 லிட்டர் செலவாகியிருக்கிறது என்று பொருள். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நான்கு பேர். ஆளுக்கு 60 லிட்டர் வீதம் நாளைக்கு 240 லிட்டர் செலவு. அதாவது மட்டம் தினமும் 25 சென்டிமீட்டர் இறங்கும். திங்கட்கிழமை காலை நிரப்பினால் வியாழன் இரவு தீர்ந்துபோகும். வெள்ளி காலை மறுபடி மோட்டார்.

திங்கட்கிழமை மாலை, வெயில் தணிந்த நேரம். மூடியின் ஓரத்தில் ஒரு சிறு இடைவெளி, அல்லது வலை கட்டாத ஓவர்ஃப்ளோ குழாய். ஏடிஸ் கொசு உள்ளே நுழைகிறது. மட்டம் 25 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. அதற்குச் சற்று மேலே சுவர் இன்னும் ஈரம். ஒரு தடவை முட்டையிடும்போது அதனிடம் நூறு முட்டை அளவுக்கு இருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடுவதில்லை. இங்கே ஒரு முப்பது, பக்கத்து வீட்டு டிரம்மில் கொஞ்சம், தேங்காய் ஓட்டில் கொஞ்சம் என்று பிரித்துப் போடும். ஓரிடம் அழிந்தாலும் வேறிடம் தப்பும்.

செவ்வாய், புதன், வியாழன். தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. மூடிய தொட்டிக்குள் புழுக்கம் இருப்பதால் முட்டைகளுக்கு வேண்டிய ஈரம் கிடைத்துவிடுகிறது. இரண்டு மூன்று நாளில் கரு முதிர்ந்து பொரிக்கத் தயாராகிவிடுகிறது. வெள்ளி காலை நீங்கள் மோட்டார் சுவிட்சைப் போடுகிறீர்கள். தண்ணீர் ஏறி முட்டைகளை மூழ்கடிக்கிறது. ஆப்பிரிக்கப் பொந்தில் பருவமழை செய்யும் வேலையை நம் வீட்டில் அரைக் குதிரைத்திறன் மோட்டார் நான்கு நாளைக்கு ஒருமுறை செய்துகொடுக்கிறது.

மூழ்கியது என்பதை முட்டை எப்படி அறிகிறது? சுற்றியுள்ள நீரில் ஆக்சிஜன் குறைவதுதான் முக்கியமான அடையாளம். நுண்ணுயிரிகள் பெருகினால் ஆக்சிஜனைத் தின்றுவிடும். நுண்ணுயிரி இருந்தால் புழுவுக்கு இரை இருக்கிறது. சோறு தயார் என்று தெரிந்தபின் கதவைத் திறக்கும் ஏற்பாடு இது. அப்போதும் எல்லா முட்டையும் ஒரேயடியாகப் பொரிப்பதில்லை. சில முதல் தடவை மூழ்கும்போது, சில இரண்டாவது தடவை, சில அதற்கும் பிறகு. இதைத் 'தவணைப் பொரிப்பு' எனலாம். கழுவிய தொட்டியில் விட்டுவிட்டுப் புழு வருவதற்கு இதுவே காரணம்.

வெள்ளியன்று பொரித்த புழு நம் ஊர்ச் சூட்டில் ஐந்தாறு நாளில் கூட்டுப்புழுவாகும், இன்னும் இரண்டு நாளில் கொசுவாகும். அடுத்த சனிக்கிழமை பறந்துவிடும். இடையில் செவ்வாய் காலைக்குள் தொட்டி காலியாகிவிடுமே என்று கேட்கலாம். ஆகாது. வெளிக்குழாய் தொட்டியின் அடித்தரையிலிருந்து சில சென்டிமீட்டர் மேலேதான் பொருத்தப்பட்டிருக்கும். 4 சென்டிமீட்டர் என்று கொண்டால், காலி என்று நாம் நினைக்கும் தொட்டியில் இன்னும் 38 லிட்டர் நிற்கிறது. ஆள் அசைவோ நிழலோ பட்டால் புழுக்கள் சட்டென்று அடியில் மூழ்கிக்கொள்ளும். அந்த 38 லிட்டர் அவற்றுக்குத் தாராளம்.

சரி, சுவர் எவ்வளவு பெரியது? தொட்டியின் சுற்றளவு ஏறத்தாழ மூன்றரை மீட்டர். ஒருநாள் மாலைக்குரிய ஈரப்பட்டை ஐந்து சென்டிமீட்டர் அகலம் என்றால், விரித்த செய்தித்தாளின் ஒரு பக்க அளவுதான் வரும். மட்டம் தினமும் வெவ்வேறு இடத்தில் நிற்பதால் முழுச் சுவரையும் கணக்கில் எடுக்க வேண்டும். அப்போதும் 3.6 சதுர மீட்டர். இரண்டு வாசற்கதவைத் தேய்க்கும் வேலை. அவ்வளவே.

பவுடர் போட்டோமே?

குடிதண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது நடைமுறை அளவு. அதில் 30 சதவீதம் குளோரின் என்றால் லிட்டருக்கு 1.2 மில்லிகிராம் கிடைக்கும். காலரா, டைபாய்டு கிருமிகளை அது கொல்லும். கொசுப்புழுவை இந்த அளவு ஒன்றும் செய்யாது, சுவரில் ஒட்டிய முட்டையை அது தொடுவதே இல்லை. பவுடர் போட்டும் புழு வந்தால் பவுடர் மோசம் என்று முடிவு கட்ட வேண்டாம், அது வேறு எதிரிக்கான ஆயுதம். கறுப்புத் தொட்டி மதிய வெயிலில் கொதிக்கும்போது குளோரின் சீக்கிரம் வீணாகும் என்பதால் பவுடரை மாலையில் போடுவது நல்லது.

மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து ஊற்றும் அபேட் மருந்தின் கதை வேறு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் அது புழுவைக் கொல்லும். ஆனால் உலர்ந்து கிடக்கும் முட்டையை அதுவும் விட்டுவிடும். வெயிலில் படியேறி வரும் அந்தப் பணியாளர்களுக்கு மாடிக்கதவைத் திறந்துவிடுங்கள். மீதி வேலை நம்முடையது.

ஹோண்டுராஸ் பெண்களின் பூச்சு

மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் நாட்டின் எல் புரோகிரேசோ நகரிலும் நம்மைப்போலவே தண்ணீர் பிடித்துவைத்துப் புழங்கும் வீடுகள். துணி துவைக்கும் சிமெண்ட் தொட்டிகளில் ஏடிஸ் பெருகியது. ஆய்வாளர்கள் புதிய மருந்தொன்றைக் கொண்டுபோய் இறக்கவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் ஏற்கெனவே தொட்டி கழுவும் முறையைக் கவனித்து அதில் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். குளோரின் கரைசலையும் சோப்புத்தூளையும் குழைத்து, நீர்மட்டத்துக்கு மேலே உள்ள சுவரில் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு தேய்த்துக் கழுவுவது. 'உன்டடீட்டா' என்று அதற்குப் பெயர், 'சின்னப் பூச்சு' என்று பொருள்படும். 1998-ல் இது பற்றிய ஆய்வு வெளியானது. தண்ணீரில் கரைந்தால் பலனற்றுப் போகும் குளோரின், சுவரில் கெட்டியாக ஊறும்போது முட்டையைக் கொல்கிறது. சோப்பு அதைச் சுவரில் ஒட்டவைக்கிறது.

புரட்டாசி வேலை

மதுரையின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவமழையில் பெய்கிறது. அந்த மழைதான் ஊரெங்கும் காய்ந்து கிடக்கும் முட்டைகளை ஒன்றாக எழுப்புவது. 2017-ல் தமிழ்நாட்டில் 23,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு உறுதியாகி, 65 பேர் இறந்தார்கள். எனவே தொட்டியைத் தயார் செய்ய வேண்டிய காலம் தீபாவளிக்கு முந்தைய அவசரம் அல்ல, புரட்டாசி. முட்டைகள் ஓடிப்போக முடியாமல் சுவரில் கிடக்கும் நேரம் அது.

தொட்டியை அடிவரை காலி செய்யுங்கள், தங்கிய நீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். பிளீச்சிங் பவுடரையும் சோப்புத்தூளையும் தண்ணீர் விட்டுக் குழைத்து, நீளக் கைப்பிடி பிரஷால் சுவர் முழுக்கப் பூசுங்கள். கால் மணி நேரம் கழித்து தேங்காய் நாரோ பிரஷோ கொண்டு அழுத்தித் தேய்த்து, கழுவிய நீரைத் தொட்டியின் வடிகால் திறப்பு வழியே வெளியேற்றுங்கள். கழுவிய நீரில் முட்டைகள் இருக்கும் என்பதால் அதை வெயிலடிக்கும் தளத்தில் விரிய விடுங்கள், இன்னொரு பாத்திரத்தில் பிடிக்க வேண்டாம். கழிப்பறை கழுவும் ஆசிடை இந்தப் பூச்சோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். தொட்டிக்குள்ளோ சம்ப்புக்குள்ளோ யாரையும் இறக்கவும் வேண்டாம், மூடிய இடத்தில் குளோரின் நெடியே ஆளை வீழ்த்திவிடும். பிறகு ஓவர்ஃப்ளோ குழாயின் வாயில் கொசுவலைத் துணி கட்டி, மூடி நன்றாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். டிரம்மையும் குடத்தையும் வாரம் ஒருமுறை இதேபோல் தேய்ப்பது அவசியம். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குமேல் ஆகும் என்பதால்தான் இந்த வாரக் கணக்கு.

ஒரு வீடு மட்டும் செய்தால் போதாது. ஏடிஸ் பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கும். ஆரப்பாளையத்தின் நெருக்கமான சந்துகளில் அந்தத் தூரத்துக்குள் எத்தனை மாடி, எத்தனை தொட்டி! உங்கள் பிள்ளையைக் கடிக்கும் கொசு எதிர்வீட்டுத் தொட்டியில் பிறந்திருக்கலாம், அவர்கள் பிள்ளையைக் கடிப்பது உங்கள் தொட்டியில் பிறந்ததாக இருக்கலாம்.

மதுரை சின்ன சொக்கிகுளத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் கொசு ஆய்வு மையம் 1980-களிலிருந்து இயங்கிவருகிறது. நெல்வயலில் வளர்ந்து மூளைக்காய்ச்சல் பரப்பும் கொசுவை ஆராய்வதுதான் அதன் முக்கியமான தொடக்க வேலை. வயல் கொசுவைத் தேடி ஆய்வாளர்கள் சேற்றில் இறங்கி நடந்தார்கள். வீட்டுக் கொசுவைத் தேட நாம் மாடிப்படி ஏறினால் போதும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு மேலே போங்கள். மூடியைத் திறந்து, தண்ணீர்க் கோட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கு விளக்கைச் சாய்த்துப் பிடித்துச் சுவரைப் பாருங்கள். கறுப்பாகப் பொடிப்பொடியாக, தூசி மாதிரி ஒட்டியிருந்தால் விரலால் தட்டிவிட்டுப் போகாதீர்கள். பிரஷை எடுத்து வாருங்கள்.